வேட்கை எழும்போது மூச்சு என்ன செய்கிறது?

நெல்லைச் சீமையில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா என்றால் பல ஊர்களில் நள்ளிரவுப் படையலில் கறியோடு சாராயப் பாட்டிலும் சுருட்டும் இருக்கும். குடியை விட்டு இரண்டு மாதமான ஒருவர் அந்தக் கூட்டத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாட்டில் இன்னும் அவர் கண்ணில் படவில்லை. மேளச் சத்தம் காதில் விழுந்ததுமே வாயில் எச்சில் ஊறுகிறது, நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைப் பிசைகிறது. "வா மாப்ளே" என்று யாரும் இன்னும் கூப்பிடக்கூட இல்லை. அதற்குள் உடம்பு தயாராகிவிட்டது.

இதை மனபலம் இல்லாத குறை என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சபரிமலைக்கு மாலை போட்ட நாள் முதல் விரதம் முடியும்வரை சொட்டுக்கூடத் தொடாத எத்தனையோ பேரை நமக்குத் தெரியும். மாலையை இறக்கிய வாரமே அதே ஆள் கடை வாசலில் நிற்கிறார். இருந்த மனபலம் ஒரே வாரத்தில் எங்கே போயிருக்கும்? விரத காலத்தில் உடை, சாப்பாடு, சேருகிற கூட்டம், சாயங்காலம் கழிகிற விதம் எல்லாமே மாறியிருந்தன. குடியை நினைவூட்டும் அடையாளங்கள் எதிரில் வரவில்லை. மாலை இறங்கியதும் அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துவிட்டன.

அடையாளங்களுக்கு ஏன் இத்தனை வலிமை? வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் 1990களில் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் இதற்கு நல்ல விளக்கம் தருகின்றன. குரங்குக்குப் பழச்சாறு கொடுத்தால் அதன் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் துடிக்கும். சாறு வருவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கை எரியவிட்டுப் பழக்கினால், நாளடைவில் விளக்கைப் பார்த்ததுமே அந்தச் செல்கள் துடித்துவிடும். சாறு வரும்போது பேசாமல் இருக்கும். நம் ஆளுக்கு மேளச் சத்தமே அந்த விளக்கு. இன்னொருவருக்குச் சம்பள நாள், இன்னொருவருக்கு மிக்சர் பொட்டலத்தின் வாசனை.

ஆனால் வேட்கை மூளையோடு நின்றுவிடுவதில்லை, உடம்பு முழுக்கப் பரவுகிறது. 2007ல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பக்கவாதம் போன்றவற்றால் மூளை பாதிக்கப்பட்ட புகைப்பழக்கக்காரர்களை அதில் ஆராய்ந்தார்கள். இன்சுலா என்ற பகுதி சேதமடைந்தவர்களில் பலர் சிரமமே இல்லாமல் சிகரெட்டை விட்டிருந்தார்கள். புகைக்க வேண்டும் என்ற உந்துதலே அவர்களிடம் இல்லை. இதயத்துடிப்பு, வயிற்றுப் பிசைவு, மூச்சு முட்டுதல் என்று உடம்புக்குள் நடப்பதை நமக்கு உணர்த்துவதே இன்சுலாவின் முக்கிய வேலை. அப்படியானால் உடம்பு அனுப்பும் சேதியை மாற்றினால் வேட்கையின் வேகமும் குறையலாம் அல்லவா? மூச்சுப் பயிற்சி நுழைகிற இடம் இதுதான்.

இதயத்தைப் பார்த்து "மெதுவாகத் துடி" என்று நாம் உத்தரவு போட முடியாது. குடலையும் வியர்வையையும் அப்படித்தான். மூச்சு மட்டும் இரண்டு வழியிலும் ஓடும்: தூங்கும்போது தானாக நடக்கும், விழித்திருக்கும்போது நாம் கேட்டால் கேட்கும். மூளைத்தண்டிலிருந்து கிளம்பி நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிற வேகஸ் நரம்பு இதயத்தைத் தணிக்கும் வேலையைச் செய்கிறது. அது எப்படி நடக்கிறது என்பதை 1921ல் ஓட்டோ லோவி என்ற அறிஞர் தவளை இதயங்களை வைத்துக் காட்டினார். ஒரு தவளையின் வேகஸ் நரம்பைத் தூண்டியதும் இதயம் மெதுவானது. அந்த இதயம் ஊறிய திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது! நரம்பு ஏதோ ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது என்று அப்போது தெரிந்தது. அசிட்டைல்கோலின் என்று பின்னால் அடையாளம் காணப்பட்ட பொருள் அது. 1936ல் லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இனி உங்கள் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். உள்ளே இழுக்கும்போது நாடி கொஞ்சம் வேகமெடுக்கும், வெளியே விடும்போது தணியும். மூச்சை இழுக்கும் நேரத்தில் மூளைத்தண்டு வேகஸின் பிடியைத் தளர்த்துகிறது. வெளியே விடும்போது மறுபடி இறுக்குகிறது. அசிட்டைல்கோலின் வேலை செய்ய ஒரு துடிப்பு நேரமே போதும். இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கழுத்து ரத்தக்குழாயிலும், இதயத்திலிருந்து வளைந்து கிளம்பும் பெருந்தமனியிலும் ரத்த அழுத்தத்தை அளக்கும் உணர்விகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் அவை மூளைத்தண்டுக்குச் சொல்லும், அது இதயத்தைத் தணிக்கும். அழுத்தம் இறங்கினால் எதிர்த்திசையில் நடக்கும். இந்த ஏற்ற இறக்கம் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 10 விநாடி ஆகிறது. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். அந்தத் தாளமும் இந்தத் தாளமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஓடுகின்றன. மூச்சை நிமிடத்துக்கு 6 தடவையாகக் குறைத்தால் ஒரு மூச்சுக்கும் 10 விநாடி. இரண்டு தாளங்களும் சேர்ந்துவிடும். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னத் தள்ளலுக்கே அது உயர எழுமல்லவா, அதுபோல இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம் பெரிதாகிறது. ரஷ்ய அறிஞர் எவ்கெனி வாஷில்லோவும் அமெரிக்காவின் பால் லேரரும் இந்த ஒத்திசைவை நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும் குறையும். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு நிமிடத்துக்கு நாலரை முதல் ஆறரை மூச்சுக்குள் அடங்கும்.

2001ல் இத்தாலியில் லூசியானோ பெர்னார்டியும் சகாக்களும் செய்த ஆய்வில் லத்தீன் மொழியில் செபமாலை சொன்னவர்களுக்கும், யோக மந்திரம் ஓதியவர்களுக்கும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு 6 அளவில் வந்து நின்றது. பாளையங்கோட்டையில் எத்தனையோ வீடுகளில் சாயங்காலம் செபமாலை சொல்கிறார்கள். கோயில் பிரகாரங்களில் உட்கார்ந்து நாமம் சொல்கிறவர்களும் உண்டு. மூச்சை எண்ணப் பிடிக்காதவர்கள் தங்களுக்குப் பழகிய பிரார்த்தனையை நிதானமாகச் சொல்வதில் எந்தத் தடையும் இல்லை.

மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிற மாவட்டம் இது. பீடி குடிப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? நீளமாக ஓர் இழுப்பு, கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் மெதுவாக விடுகிறார். "ஒரு தம் போட்டால்தான் மனசு அமரும்" என்கிறார். நிகோடின் உண்மையில் இதயத்துடிப்பை ஏற்றுகிற பொருள். அவருக்குக் கிடைக்கிற நிம்மதியில் ஒரு பங்கு நிகோடினுக்காகத் தவித்த தவிப்பு அடங்குவதால் வருவது. இன்னொரு பங்கு அந்த நீண்ட மூச்சால் வருவது என்றே நினைக்கிறேன். 2004ல் வெளியான ஓர் ஆய்வில் சிகரெட்டை நிறுத்திவைத்தவர்களை 4 மணி நேரம், அரை மணிக்கு ஒரு தடவை ஆழ்ந்து மூச்சுவிடச் செய்தார்கள். புகை வேட்கையும் எரிச்சலும் குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் பீடியே இல்லாமல் அந்த மூச்சை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று அது சொல்கிறது.

செய்முறை எளிது. மூக்கு வழியாக 4 எண்ணும்வரை இழுங்கள், 6 எண்ணும்வரை விடுங்கள். வயிறு எழும்பி இறங்கட்டும். நெஞ்சு நிறைய இழுக்க வேண்டாம்; பலர் தவறுகிற இடம் இது. காற்றை அதிகமாக இழுத்து இழுத்து விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, தலை சுற்றி, விரல் நுனிகள் மரத்துப்போகும். பதற்றம் குறைவதற்குப் பதில் ஏறும். மூச்சை அடக்கிப் பிடிக்கவும் தேவையில்லை, ஆஸ்துமா உள்ளவர்கள் கட்டாயம் வேண்டாம்.

வேட்கை வந்த பிறகு கற்றுக்கொள்ள முயன்றால் கைகூடாது. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, மனசு அமைதியாக இருக்கும்போதே பத்து நிமிடம் பழக வேண்டும். வேட்கைக்குத் தீனி போடாவிட்டால் அது பெரும்பாலும் உச்சத்துக்குப் போய் அரை மணிக்குள் தணிந்துவிடும். மூச்சு அதை அழித்துவிடாது. அந்த நேரத்தைக் கடக்க உதவும். எண்ணிக்கையில் கவனம் போவதால் பாட்டிலைப் பற்றிய கற்பனைக்கு இடம் குறையும். முன்மூளைக்கு யோசிக்க அவகாசம் கிடைக்கும். கிடைத்த அவகாசத்தில் அந்த இடத்தை விட்டு நடந்துவிடுவதுதான் புத்தி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நாள் தவறாமல் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும், தூக்கம் போகும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரிந்து, ஆள் தடுமாறி, உயிருக்கே ஆபத்தாகலாம். மதுவின் அமுக்கத்தை எதிர்த்து வேலை செய்தே பழகிய மூளை, அமுக்கம் நீங்கியதும் கட்டுக்கடங்காமல் துடிப்பதால் வருவது இது. மூச்சுப் பயிற்சியால் இதைச் சமாளிக்க முடியாது, வீட்டில் அறைக்குள் பூட்டிவைத்தும் முடியாது. மருத்துவமனையில் மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டிலிருந்தே பேச வேண்டுமானால் மனநல உதவிக்கு 14416, போதை மீட்புக்கு 14446. குடிப்பவருக்கு மனம் வராவிட்டால் மனைவியோ பிள்ளைகளோ கூட அழைத்துக் கேட்கலாம்.