க்ரூஸ் கன்ட்ரோல் போட்டால் சார்ஜ் மிச்சமாகுமா?

எலெக்ட்ரிக் காரில் மோட்டாருக்கு எந்த நொடியில் எவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) போக வேண்டும் என்று தீர்மானிக்கிற மென்பொருளில்தான் பெங்களூரில் எனக்கு வேலை. அதனால் பொங்கல், தீபாவளி நெருங்கினாலே எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் இருக்கிற நம் ஊர்க்காரர்கள், தருமபுரி, சேலம் என்று கிளம்புகிறவர்கள், இதைத்தான் கேட்பார்கள். மிச்சமாகும். ஆனால் எந்த வேகத்தில் செட் செய்கிறீர்கள், எங்கே எடுத்துவிடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் க்ரூஸ் நீங்கள் சொன்ன வேகத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அடுத்து வருவது மேடா இறக்கமா என்று அது பார்ப்பதில்லை.

வேகத்தை முதலில் பார்ப்போம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-ல் போகிற கார் 100-ல் போனால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றைத் தள்ள ஆகிற சார்ஜ் 56 சதவீதம் கூடும். டயர் உராய்வு அவ்வளவாக மாறாததால் மொத்தச் செலவு கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே போகும். 100 கிலோமீட்டருக்கு இதில் கிடைப்பது 15 நிமிடம். வழியில் ஒரு தடவை கூடுதலாக சார்ஜருக்கு ஒதுங்கினால் அதுவும் போச்சு.

அடுத்தது மேடு பள்ளம். நம் ஊர்ப் பாதையில் இதுதான் பெரிய விஷயம், யாரும் கவனிக்காததும் இதுதான். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர், கிருஷ்ணகிரி சுமார் 500. ஆட்களோடு 1700 கிலோ இருக்கிற கார் அந்த 400 மீட்டர் இறங்கும்போது ஏறக்குறைய 1.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி சும்மா கிடைக்கிறது, திரும்பி வரும்போது அதையே நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். ஊருக்குப் போகும்போது காட்டின ரேஞ்ச் (மீதி சார்ஜில் ஓடக்கூடிய தூரம்) வரும்போது காட்டவில்லை, பேட்டரி கெட்டுப்போச்சா என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் பதில் இது.

இறக்கத்தில் க்ரூஸ் போட்டிருந்தால் வேகம் கூடாமல் இருக்க ரீஜென் பிடிக்கும், அதாவது மோட்டாரே பிரேக் மாதிரி வண்டியை இழுத்துப் பிடித்து, அந்தச் சக்தியை மின்சாரமாகப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பிடித்ததெல்லாம் அப்படியே திரும்பி வராது, மோட்டார், இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றுகிற கருவி), பேட்டரி என்று போகும்போதும் வரும்போதும் ஒவ்வொன்றும் ஒரு பங்கை வெப்பமாக்கிவிடும். அதனால் சூளகிரி தாண்டி ரோடு நேராக, காலியாக இருக்கிற லேசான இறக்கங்களில் க்ரூஸை எடுத்துவிட்டு, ரீஜெனைக் குறைத்து, வேக வரம்புக்குள் வண்டியைத் தன்போக்கில் உருள விடுங்கள். நியூட்ரலில் மட்டும் போடவே போடாதீர்கள், தேவைப்படுகிற நேரத்தில் ரீஜென் கைக்கு வராது. மேட்டில் செட் வேகத்தை ஐந்து குறைத்தால் போதும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் வீணாகிற வெப்பம் நான்கு மடங்காகும், எனவே வேகம் இறங்கின பிறகு க்ரூஸ் பாய்ந்து பிடிக்கிற அந்தச் சில நொடிகள் உண்மையிலேயே விலை அதிகம்.

மேப்பில் இருக்கிற ஏற்ற இறக்கத்தை முன்கூட்டியே படித்து இதையெல்லாம் தானாகச் செய்கிற க்ரூஸ் புதிதல்ல. மெர்சிடிஸ் தன் ஆக்ட்ரோஸ் லாரியில் 2012-லேயே அதைக் கொடுத்தது. நம் விலையில் வருகிற எலெக்ட்ரிக் கார்களுக்கும் அது வர வேண்டும், ஷோரூமில் இதைக் கேட்டு வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

அப்புறம், ரேடார் வைத்து முன்வண்டியைப் பின்தொடர்கிற அடாப்டிவ் க்ரூஸ். நடுவில் யாரும் நுழையக் கூடாது என்று இடைவெளியைக் குறைந்தபட்சத்தில் வைக்கிறார்கள். அப்படி வைத்தால் முன்வண்டி தொடுகிற ஒவ்வொரு பிரேக்கையும் உங்கள் வண்டியும் தொடும், உடனே மறுபடி பாயும், அவசரமாகப் பிடித்தால் டிஸ்க் பிரேக்கும் சேர்ந்துகொள்ளும், அதில் போனது போனதுதான். இடைவெளியைக் கூட்டி வையுங்கள். ஒருவர் நுழைந்தால் நுழையட்டும். ஆனால் ரோட்டில் நிற்கிற லாரியையோ, எதிர்த்திசையில் வருகிற பைக்கையோ, மாட்டையோ ரேடார் கட்டாயம் பார்த்துவிடும் என்று நம்பி உட்காராதீர்கள்.

தருமபுரி தாண்டி தொப்பூர் இறக்கத்திலும், மழை ஈரத்திலும் க்ரூஸே வேண்டாம். தொப்பூரில் ரீஜெனைக் கூட்டி வைத்து, பிரேக் மேலே காலோடு, லாரிகளை விட்டுத் தள்ளி இறங்குங்கள். அந்த இறக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் சார்ஜ் போடுவதாக இருந்தால் 100 வரை ஏற்ற வேண்டாம், நிறைந்த பேட்டரி ரீஜெனை வாங்கிக்கொள்ளாது, மொத்தப் பாரமும் டிஸ்க் பிரேக் மேல் வந்துவிடும்.