ஃபீட்-இன் டாரிஃப்: கட்டணமா, கொள்முதல் விலையா?

ஐரோப்பாவின் காற்றாலை, சூரிய மின்சாரம் பற்றி எதைப் படித்தாலும் இந்தச் சொல் வந்துவிடும். கூரையில் சூரியத் தகடு வைத்தவரோ காற்றாலை நிறுவியவரோ மின்கம்பிக்குள் அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டுக்கும், சட்டம் முன்கூட்டியே நிர்ணயித்த விலையைப் பல ஆண்டுகள் பெறுவதுதான் ஃபீட்-இன் டாரிஃப். தமிழில் இதை ‘உள்ளீட்டுக் கட்டணம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் கட்டணம் என்றால் நாம் கட்டுவது. இங்கே மின்சாரம் தருபவருக்குப் பணம் வருகிறது. திசையே தலைகீழாகிவிடுகிறது.

குழப்பம் ‘டாரிஃப்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. அரபு மொழியின் ‘தஃரீஃப்’ என்ற சொல்லுக்குத் தெரியப்படுத்துதல், அறிவிப்பு என்று பொருள். மத்தியதரைக் கடல் துறைமுகங்களின் வணிகம் வழியாக அது இத்தாலியில் ‘தரிஃபா’ ஆகி, எந்தச் சரக்குக்கு எவ்வளவு தீர்வை என்று சொல்லும் பட்டியலைக் குறித்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் போனது. இந்தியில் பாராட்டைக் குறிக்கும் ‘தாரீஃப்’ இதே அரபுச் சொல்தான். ஸ்பெயினின் தாரிஃபா என்ற ஊரில் தீர்வை வசூலித்ததால் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதையும் உலவுகிறது. அந்த ஊர்ப்பெயர் தாரிஃப் என்ற படைத்தலைவனிடமிருந்து வந்தது, இதோடு தொடர்பில்லை. ஆக, டாரிஃப் என்றால் அறிவிக்கப்பட்ட விலைப்பட்டியல். யார் யாருக்குக் கொடுப்பது என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை.

ஜெர்மன் மொழி அதைச் சொல்லிவிடுகிறது. அங்கே இதன் பெயர் ‘ஐன்ஷ்பைஸெ-ஃபெர்க்யூட்டுங்’. ‘ஷ்பைஸெ’ என்றால் உணவு, ‘ஐன்ஷ்பைஸன்’ என்றால் உள்ளே ஊட்டுதல், ‘ஃபெர்க்யூட்டுங்’ என்றால் செய்த வேலைக்கும் கொடுத்த பொருளுக்கும் தரும் ஊதியம். மின்வலைக்கு ஊட்டியதற்கான ஊதியம் என்று நேராகவே பொருள் தருகிறது.

சட்டமும் ஜெர்மனியில்தான் வேர் பிடித்தது. அமெரிக்காவில் 1978இலேயே சிறு உற்பத்தியாளர்களிடம் மின்சாரம் வாங்கும் கடமை மின் நிறுவனங்கள் மீது சுமத்தப்பட்டது. ஐரோப்பாவில் இதைப் பெரிதாக்கியது 1990இல் ஜெர்மன் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மின் உள்ளூட்டுச் சட்டம். வெறும் ஐந்து பிரிவுகள். பவேரியாவின் சிறு நீர்மின் நிலையங்களுக்காகப் பேசிவந்த பழமைவாத உறுப்பினர் மத்தியாஸ் எங்கல்ஸ்பெர்கரும், பசுமைக் கட்சியின் வுல்ஃப்காங் டேனியல்ஸும் அதற்காகக் கைகோத்தார்கள். 1991 ஜனவரி 1 முதல், காற்று, சூரிய மின்சாரத்துக்கு நுகர்வோரின் சராசரி விலையில் குறைந்தது 90 சதவீதத்தை மின் நிறுவனங்கள் தர வேண்டியிருந்தது.

காற்றாலைக்கு அது போதுமானதாக இருந்தது, சூரியத் தகட்டுக்குப் போதவில்லை. ஜெர்மனியின் ஆகென் நகரம் 1990களின் நடுவில் ஒரு யூனிட்டுக்கு 2 மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) கொடுத்துப் பார்த்தது. செலவை ஈடுகட்டும் விலை என்ற அந்த எண்ணம்தான் 2000 ஏப்ரலில் வந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டத்தில் இடம்பிடித்தது. சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 99 ஃபெனிக் (100 ஃபெனிக் ஒரு மார்க்), 20 ஆண்டு உறுதி, ஆனால் பின்னால் வருகிறவர்களுக்கு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகும் விலை. தகட்டின் விலை உலகம் முழுவதும் சரிந்ததற்கு இந்தச் சட்டம் உருவாக்கிய சந்தை ஒரு பெரிய காரணம் என்றே நான் நம்புகிறேன்.

சரி, பணம் யாருடையது? வழக்கே இதில்தான் வந்தது. மின் நிறுவனமான ப்ராய்சன்எலக்ட்ரா, இது அரசு உதவி, ஐரோப்பிய விதிகளுக்கு எதிரானது என்று வாதிட்டது. 2001 மார்ச் 13 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விலையைச் சட்டம் நிர்ணயித்தாலும் பணம் அரசுக் கருவூலத்திலிருந்து போகவில்லை, தனியார் நிறுவனங்களே கொடுக்கின்றன என்றது. அப்புறம் கூடுதல் செலவு நுகர்வோரின் மின் ரசீதில் தனி மேல்கட்டணமாக ஏறியது. 2017இல் யூனிட்டுக்கு 6.88 யூரோ சென்ட். இதுவும் அரசு நிதி அல்ல என்று 2019இல் அதே நீதிமன்றம் மறுபடி சொன்னது. 2022 ஜூலையில் அந்த மேல்கட்டணம் பூஜ்ஜியமானது, செலவு அரசு நிதிக்கு மாறியது. முன்பு நுகர்வோர் தலையில் விழுந்த சுமை இப்போது வரி செலுத்துவோர் தலையில். யார் கட்டுகிறார்கள் என்பதை மறைக்கும் சொல் எவ்வளவு ஆபத்தானது என்று இங்கே தெரிகிறது.

உறுதி முறிந்தால் என்ன ஆகும் என்பதை ஸ்பெயின் காட்டியது. 2007 ஆணையில் சூரிய மின்சாரத்துக்கு அரசு வைத்த இலக்கு 371 மெகாவாட். தாராள விலையால் 2008 என்ற ஒரே ஆண்டில் 2,500 மெகாவாட்டுக்கு மேல் நிறுவப்பட்டது. நிதி நெருக்கடி வந்ததும் விலையை வெட்டினார்கள், 2013இல் அந்த முறையையே ஒழித்தார்கள், ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த நிலையங்களையும் சேர்த்து. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பன்னாட்டு நடுவர் மன்றங்களில் தொடுத்த வழக்குகள் இன்றும் ஸ்பெயினை விடவில்லை. கடன் வாங்கித் தகடு போட்ட உள்ளூர்க் குடும்பங்களுக்கோ அந்த நடுவர் மன்றங்களின் கதவும் திறக்கவில்லை. எனக்கு இதில் மிகவும் உறுத்துவது அதுதான்.

இதற்குத் தமிழில் ‘மின்னூட்டு விலை’ என்று போடலாமா? ஊட்டுதல் என்ற பொருள் அழகாக வருகிறது, ஆனால் இயற்பியல் பாடநூலில் மின்னூட்டம் வேறொன்றைக் குறிக்கிறது. நெல்லுக்குக் கொள்முதல் விலை என்கிறோமே, அந்தச் சொல்லே இங்கும் பொருந்துகிறது. விற்பவர் யார், வாங்குபவர் யார் என்பது கேட்டவுடன் புரியும். நெல் விலை ஆண்டுதோறும் மாறும். இதுவோ இணைப்பு கொடுத்த நாளில் பூட்டப்பட்டு 20 ஆண்டு நிற்கும். அதனால் ‘உறுதிக் கொள்முதல் விலை’ என்பதே என் தேர்வு.

இந்த முறை ஐரோப்பாவில் இப்போது சிறிய கூரைகளுக்கு உரியதாகச் சுருங்கிவருகிறது. பெரிய நிலையங்களுக்கு, குறைந்த விலை கேட்பவருக்கு வாய்ப்புத் தரும் ஏலம் வந்துவிட்டது. ஜெர்மனியில் 2025 பிப்ரவரிக்குப் பின் நிறுவியவற்றுக்குச் சந்தை விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் நேரங்களில் பொதுவாகப் பணம் கிடையாது. 2027 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய காற்று, சூரிய நிலையங்களுக்கான நேரடி விலை ஆதரவு வேறு வடிவத்தில் இருக்க வேண்டும்: சந்தை விலை தாழ்ந்தால் அரசு ஈடுகட்டும், ஏறினால் மிகுதியை உற்பத்தியாளர் திருப்பித் தருவார். பணம் இரு திசையிலும் ஓடும் அதை ‘இருவழி விலை வேறுபாட்டு ஒப்பந்தம்’ எனலாம்.