வயிற்று வலிக்குப் பெயர் தெரியவில்லையா? இ.எஸ்.ஐ.யில் உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது

ஸ்கேன் எடுத்தாச்சு, நார்மல். ரத்தம் பார்த்தாச்சு, நார்மல். எண்டோஸ்கோபியில் "லேசான புண்" என்று ஒரு வரி எழுதி மாத்திரை கொடுத்தார்கள், அதையும் சாப்பிட்டாச்சு. வலி மட்டும் போகவில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் கம்பெனியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை செய்துகொண்டு இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குறிப்பாகப் பெண்களுக்கு. தையல் மெஷினில் உட்கார்ந்தபடி ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டீ பிரேக்கில் மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, லீவு கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். கேட்டால் "என்ன வியாதி?" என்று கேட்பார்கள், பதில் இல்லை, அதனால் கேட்பதே இல்லை.

இந்தக் கூச்சத்தால் கையில் வர வேண்டிய பணம் போகிறது. ஏனென்றால் இ.எஸ்.ஐ.யில், அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில், மருத்துவ விடுப்புக்கும் அந்த நாட்களுக்கான பணத்துக்கும் நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கேயும் நிபந்தனை இல்லை. 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம் 'நோய்' என்பதற்குக் கொடுத்த விளக்கம் ரொம்ப எளிமையானது: மருத்துவச் சிகிச்சையும் கவனிப்பும் தேவைப்படுகிற, மருத்துவக் காரணத்தால் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டியதாகிற ஒரு நிலை, அவ்வளவுதான். உங்களுக்கு இருப்பது அல்சரா, கர்ப்பப்பை பிரச்சினையா, குடல் பிரச்சினையா என்று டாக்டர் முடிவு செய்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் வேலை செய்யும் நிலையில் இல்லை, சிகிச்சை தேவை என்று இ.எஸ்.ஐ. டாக்டர் பார்த்துச் சொன்னால் போதும். சர்டிபிகேட்டில் "வயிற்று வலி, பரிசோதனையில் உள்ளது" என்ற பொருளில் எழுதுவார்கள், அது செல்லும்.

சரி, யாருக்கெல்லாம் இது உண்டு? பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற கம்பெனியில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் உங்கள் பெயர் இ.எஸ்.ஐ.யில் இருக்க வேண்டும். இந்த 21,000 வரம்பு 2017 ஜனவரியில் வந்தது. 2019 ஜூலையிலிருந்து உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். 12,000 சம்பளம் என்றால் உங்களிடம் பிடிப்பது 90 ரூபாய், கம்பெனி போடுவது 390 ரூபாய். கான்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வந்தவர்களுக்கும் இது உண்டு, "நீ கான்ட்ராக்ட் ஆள், உனக்குக் கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் கம்பெனிதான் பொறுப்பு. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் உங்கள் இன்ஷூரன்ஸ் எண்ணை வாங்கிக் குறித்து வையுங்கள், அது பத்து இலக்கம். மத்திய அரசின் உமங் ஆப்பிலோ இ.எஸ்.ஐ. இணையதளத்திலோ அந்த எண்ணைப் போட்டால் எத்தனை நாளுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். சம்பளத்தில் பிடித்துவிட்டு அங்கே கட்டாமல் இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

வைத்தியம் வேறு, பணம் வேறு. இதை இரண்டாகப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வைத்தியம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. உங்களுக்கு மட்டுமல்ல, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உங்களை நம்பியிருக்கிற அப்பா அம்மாவுக்கும் உண்டு, வைத்தியச் செலவுக்கு இத்தனை ரூபாய்தான் என்று உச்சவரம்பும் இல்லை. பணத்துக்குத்தான் நாள் கணக்கு.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒரு பங்களிப்புக் காலம். அதில் குறைந்தது 78 நாளுக்கு உங்கள் பேரில் பணம் கட்டியிருந்தால், அடுத்து வரும் ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை நோய்க்கால உதவித்தொகை கேட்கலாம். அதே மாதிரி அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை 78 நாள் இருந்தால், ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை கேட்கலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் ஒன்பது மாதம் பணம் கிடையாது, வைத்தியம் உண்டு. இதில் நாள்பட்ட வலிக்காரர்கள் மாட்டிக்கொள்வது எங்கே என்றால், வலி தாங்காமல் அடிக்கடி சம்பளம் இல்லாத லீவு போட்டு, ஒரு அரையாண்டில் 78 நாளைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள், அதற்கு அடுத்த காலத்தில் வலி முற்றி ஒரேயடியாகப் படுக்கும்போது பணம் இல்லை என்று வருகிறது. அதனால் எத்தனை நாள் சேர்ந்திருக்கிறது என்று மாதம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கிடைக்கும்? உங்கள் சராசரி தினக் கூலியில் 70 சதவீதம். தினச் சராசரி 400 ரூபாய் என்றால் நாளைக்கு 280 ரூபாய், நேராக வங்கிக் கணக்குக்கு வரும். ஒரு வருஷத்தில் அதிகபட்சம் 91 நாள். முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. ஆனால் விட்டு விட்டு வரும் வலிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு: ஒரு தடவை லீவு முடிந்து வேலைக்குப் போய், பதினைந்து நாளுக்குள் மறுபடியும் வலி வந்து படுத்தால், அந்த இரண்டு நாள் கழிவு இரண்டாம் முறை கிடையாது, முதல் நாளிலிருந்தே கணக்கு. இதைப் பலரும் கேட்டு வாங்குவதில்லை.

சர்டிபிகேட்தான் எல்லாவற்றுக்கும் சாவி. வலி வந்த அன்றைக்கே, முடியாவிட்டால் அடுத்த நாள், உங்கள் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் (மருந்தகத்துக்குப்) போக வேண்டும். முதலில் ஒரு சர்டிபிகேட், லீவு நீண்டால் ஏழு நாளைக்கு மேல் இடைவெளி விடாமல் இடைக்காலச் சர்டிபிகேட், வேலைக்குத் திரும்பலாம் என்கிறபோது இறுதிச் சர்டிபிகேட். இது நீண்ட நாள் விஷயம் என்று டாக்டருக்குத் தெரிந்துவிட்டால் நான்கு வாரம் வரைக்கும் ஒரே சர்டிபிகேட்டாகக் கொடுக்கவும் விதியில் இடம் இருக்கிறது, ஆம்பூரிலிருந்தோ பேரணாம்பட்டிலிருந்தோ வலியோடு பஸ் ஏறி வாரா வாரம் வர முடியாதவர்கள் அதை வாய்விட்டுக் கேளுங்கள். ஒரு நாள் விட்டுப்போனாலும் அந்த நாளுக்குப் பணம் சிக்கல்தான். பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு மூன்று நாள் படுத்துவிட்டு அவர்கள் சீட்டை மட்டும் கொண்டுபோனால் இழுபறி ஆகும். தனியாரிடம் காட்டுவது உங்கள் இஷ்டம், ஆனால் அதே நாளில் டிஸ்பென்சரியிலும் பதிந்துவிடுங்கள்.

உதவித்தொகை வாங்கிக்கொண்டு லீவில் இருக்கும்போது உங்களை வேலையை விட்டு நிறுத்தவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948 சட்டம் 73ஆம் பிரிவாகவே எழுதி வைத்தது. "இப்படி அடிக்கடி லீவு போட்டால் வேற ஆளைப் போட்டுக்கிறோம்" என்று சூப்பர்வைசர் சொன்னால், சர்டிபிகேட் நகலை ஆபீசில் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்களா என்பதுதான் உங்களைக் காப்பாற்றும். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியதோடு விட்டுவிடாதீர்கள்.

இனி வலிக்குக் காரணம் கண்டுபிடிக்கிற விஷயம். டிஸ்பென்சரி டாக்டருக்கு ஒரு ஆளுக்கு ஒதுக்க நேரம் கொஞ்சம்தான் இருக்கும். "வயிறு வலிக்குது சார்" என்றால் கேஸ் மாத்திரையோடு அனுப்பிவிடுவார். ஆகவே ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த இடத்தில் வலி, சாப்பிட்ட பிறகா வெறும் வயிற்றிலா, மாதவிலக்கு நாட்களில் கூடுகிறதா, மலம் கழித்தால் குறைகிறதா, தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, எடை குறைந்திருக்கிறதா, சிசேரியனோ குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனோ ஆகியிருக்கிறதா. என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை மணி நேரம் எழுந்திருக்காமல் உட்காருகிறீர்கள், பாத்ரூம் போக விடுகிறார்களா என்பதையும் சொல்லுங்கள். பழைய ஸ்கேன் படங்கள் ஒரு மாதிரி வழவழப்பான தாளில் இருக்கும், வெயில் பட்டால் மங்கிவிடும், ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

ஸ்கேன் நார்மல் என்று வந்தால் உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தமாகாது. சாதாரண வயிற்று ஸ்கேனில் குடலின் உட்புறம் சரியாகத் தெரியாது. கர்ப்பப்பையின் உட்படலம் வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் பல பேருக்கு ஸ்கேனில் தெரியாமல், லேப்ராஸ்கோபி (வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பது) வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வயிற்றுக் காசநோயும் ஆரம்பத்தில் பிடிபடாது. வயிற்றுச் சுவரில் நரம்பு அழுந்தி வரும் வலி எந்த ஸ்கேனிலும் தெரியாது, அதைக் கையாலேயே கண்டுபிடிக்கிற வழி ஒன்று இருக்கிறது: மல்லாந்து படுக்கவைத்து, வலிக்கிற இடத்தில் விரலை அழுத்திக்கொண்டே, தலையையும் தோளையும் தூக்கச் சொல்வார்கள். அப்போது வலி கூடினால் பிரச்சினை உள்ளே இருப்பதைவிடச் சுவரில் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு நிமிஷ வேலை. "சார், இதைப் பார்த்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பே இல்லை.

டிஸ்பென்சரியில் தீராவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ரெஃபர் சீட்டு கேளுங்கள். வேலூரில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே இல்லாத பரிசோதனைக்கு இ.எஸ்.ஐ.யோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், அங்கே பணம் உங்களிடம் கேட்கக் கூடாது. பெரிய சிறப்புச் சிகிச்சைகளுக்குக் குறைந்தபட்ச வேலைக் காலம் பார்ப்பார்கள். சீட்டு வாங்காமல் நீங்களாகப் போய்க் கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பாது. காரணம் தெரியாத நோயோடு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி வந்து வேலூர் காந்தி ரோடு லாட்ஜுகளில் தங்கி வைத்தியம் பார்க்கிற ஊர் இது, அதே ஊரைச் சுற்றி வேலை செய்கிற நம் பெண்கள் கையில் இருக்கும் உரிமைச் சீட்டைக்கூடக் கேட்காமல் நகையை அடகு வைப்பது எனக்கு மனசு பொறுக்கவில்லை.

நோயின் பெயர் முக்கியமாகிற ஒரு இடம் உண்டு. 91 நாள் தீர்ந்த பிறகு, காசநோய், புற்றுநோய் உட்பட 34 நோய்கள் கொண்ட பட்டியலில் உங்கள் நோய் இருந்தால், நீட்டித்த உதவித்தொகை 80 சதவீதம் வீதம் இரண்டு வருஷம் வரை கிடைக்கும். அதற்கு இரண்டு வருஷம் வேலையில் இருந்திருக்க வேண்டும், முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள் பணம் கட்டியிருக்க வேண்டும். அதனால்தான் "வலி பழகிப்போச்சு" என்று விட்டுவிடாமல் காரணத்தைத் துரத்தச் சொல்கிறேன். காசநோய் என்று உறுதியானால் அரசு மருந்து இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் தனியாகவும் உண்டு.

வேலை போய்விட்டாலும் உடனே எல்லாம் முடிந்துவிடாது. 78 நாள் கணக்கு இருந்தால், அதற்குரிய பயன் காலம் (மேலே சொன்ன, உதவித்தொகை கேட்கக்கூடிய ஆறு மாதம்) முடியும் வரை டிஸ்பென்சரி உங்களைப் பார்க்க வேண்டும்.

இ.எஸ்.ஐ.யில் இல்லாதவர்கள், வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள், கூலிக்காரர்கள்: பீடித் தொழிலாளர் அட்டை இருந்தால் மத்திய அரசின் நல மருந்தகம் உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, வருமான வரம்பு 1,20,000 ரூபாய், ஆனால் அது பட்டியலில் உள்ள சிகிச்சைக்கும் குறிப்பிட்ட சில பரிசோதனைக்கும்தான், பெயர் தெரியாத வலிக்கு அதை நம்பி மட்டும் இருக்க முடியாது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் புறநோயாளியாகப் பதிந்து தொடர்ந்து அதே துறையில் காட்டுவதுதான் நடைமுறையில் நல்ல வழி.

கறுப்பாக மலம் போனாலோ ரத்த வாந்தி எடுத்தாலோ, கண் மஞ்சளானாலோ, வயிறு கல் மாதிரி இறுகினாலோ, வலியோடு காய்ச்சலும் சேர்ந்தாலோ சீட்டு, சர்டிபிகேட் எதையும் யோசிக்காதீர்கள், 108க்குப் போன் போட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவசரத்தில் பார்த்த செலவை இ.எஸ்.ஐ.யில் பிறகு கேட்கலாம், அரசு நிர்ணயித்த விகிதத்தில்தான் தருவார்கள், அதனால் டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் பில் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குச் சீக்கிரம் தகவல் சொல்லிவிடுங்கள். எங்கேயாவது அலைக்கழித்தால் இ.எஸ்.ஐ. கட்டணமில்லா எண் 1800 11 2526, பேசும்போது இன்ஷூரன்ஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், புகார் எண் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள்.