விரலுக்குள் ஓடுவதெல்லாம் நரம்பு அல்ல

வெட்டுக்காயம் ஆறிப் பல வாரங்கள் கழிந்தபின் மடங்காத விரலோடு வருபவர்களில் இவர் இந்த மாதத்தில் மூன்றாமவர். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. கத்தி தீட்டும்போது இடக்கைச் சுட்டுவிரலின் உட்பக்கம் வெட்டியிருக்கிறது. தோலுக்குத் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். தழும்பும் நன்றாகவே ஆறியிருந்தது. ஆனால் நடுக்கணு மடங்கிய விரலில் நுனிக்கணு மட்டும் அசையவே இல்லை. "நரம்பு இறுகிப்போச்சுண்ணு ஆறு வாரமா எண்ணெய் போட்டுத் தடவுகேன் சார்" என்றார்.

இயன்முறை மருத்துவராக நான் அன்றாடம் மல்லுக்கட்டுவது இந்த ஒரு சொல்லோடுதான். ரத்தம் எடுக்க ஊசி குத்தும் இடமும் நமக்கு நரம்பு, மரத்துப்போனாலும் நரம்பு, விரலை மடக்குவதும் நரம்பு. உண்மையில் இவை மூன்றும் வேறு வேறு. முதலாவது ரத்தக்குழாய். இரண்டாவதுதான் நரம்பு, விரலின் இரு ஓரங்களிலும் ஓடி உணர்வைத் தரும் அது அறுந்தால் அந்தப் பக்கம் மரத்துப்போகும். மூன்றாவது தசைநாண், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிறக் கயிறு. அது அறுந்தால் ரத்தம் கொட்டாது, மேலே தோல் ஆறிவிட்டது என்பதற்காகத் தானே ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. கட்டைவிரல் நீங்கலாக ஒவ்வொரு விரலையும் மடக்க முன்கையிலிருந்து இரண்டு தசைநாண்கள் வருகின்றன. ஒன்று நடுக்கணுவோடு நின்றுவிட, மற்றது நுனிவரை போகிறது. நுனிக்குப் போவது மட்டும் அறுந்தால் விரல் பாதி மடங்கும். அந்தப் பாதியைப் பார்த்துத்தான் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

கையில் இருக்கும் 27 எலும்புகளையும் காட்டும் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை வைத்து இதை விளக்கிப் பலமுறை தோற்றிருக்கிறேன். அதனால் மெத்தை நுரையைக் கை வடிவில் வெட்டி, உறிஞ்சுகுழல் துண்டுகளை வளையங்களாக விரல்களில் தைத்து, வலை பின்னும் நைலான் கயிற்றைத் தசைநாணாகவும் மஞ்சள் நூலை நரம்பாகவும் சிவப்பு ரப்பர் குழாயை ரத்தக்குழாயாகவும் வைத்து ஒரு மாதிரிக் கை செய்தேன். முன்கைக்கு இலவம்பஞ்சு திணித்த காலுறை. அதற்குள் கயிற்றின் மறுமுனையைத் தசைக்குப் பதிலாக இழுத்துக்கட்டிய எலாஸ்டிக்கில் முடிந்திருக்கிறேன். அதைத் தொழிலாளியின் மனைவி கையில் கொடுத்து முன்கையில் இழுக்கச் சொன்னேன், விரல் மடங்கியது. பிறகு விரலடியில் கயிற்றைக் கத்தரித்தேன். அறுந்த மேல்முனை சட்டென்று உள்ளங்கைக்குள் போய் மறைந்தது. நுரையை அமுக்கி அமுக்கித் தேடியவர், "அப்பம் எவ்வளவு தடவினாலும் இது திரும்பி வராதுல்லா?" என்று கேட்டார். நான் அரைமணி நேரம் பேசியும் புரியவைக்க முடியாததை அவருடைய விரல்கள் கண்டுகொண்டன.

மருத்துவத் துறையினருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விரல் மடங்கியிருந்தபோது பட்ட வெட்டு என்றால், விரலை நீட்டிப் பார்க்கும்போது தசைநாண் அறுந்த இடம் காயத்தின் வாயிலிருந்து விலகிப் போயிருக்கும். காயத்துக்குள் தெரியும் முழுக்கயிற்றை நம்பித் தைத்துவிடாதீர்கள். மடக்கச் சொல்லிப் பாருங்கள்.

உள்ளங்கையிலோ விரலின் உட்பக்கத்திலோ வெட்டோத்தி என்கிற வெட்டுக்கத்தி, மீன் அரியும் கத்தி, கண்ணாடி எது பட்டாலும் காப்பித்தூளை அப்பாதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடியுங்கள். ரத்தம் நின்றபின் நடுக்கணுவை நேராகப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மெதுவாக மடக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடச்சொல்லி விரலின் இரு ஓரங்களையும் தொட்டுக் கேளுங்கள். மடங்காவிட்டாலும், மடக்கும்போது வலி கூடினாலும், மரத்திருந்தாலும் அன்றைக்கே கை அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவரிடம் போய்விடுங்கள். முதல் சில நாட்களில் நேராகத் தைத்து இணைக்கக்கூடிய தசைநாணுக்கு, வாரங்கள் கடந்தால் வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்து ஒட்டவேண்டி வரலாம். தைத்த பிறகும் சுமார் 6 வாரம் காப்புப் பட்டையும், ஏறத்தாழ 12 வாரம் பாரமான வேலைக்கு ஓய்வும் வேண்டும். கூலி போகிறதே என்று இடையில் பட்டையைக் கழற்றிவிடாதீர்கள். தயவுசெய்து, காயம் ஆறும்வரை காத்திருந்துவிட்டு என்னிடம் வராதீர்கள்.