சேவை வடிவமைப்பாளர்: ஒரு தொழிற்பெயரின் வேரும் வழக்கும்

ஒரு கடையோ அலுவலகமோ மருத்துவமனையோ தன்னை நாடி வருபவருக்குச் செய்து தரும் வேலை எந்த வரிசையில், யார் கையால், எவ்வளவு நேரத்தில் நடக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து வகுத்துத் தருபவரே சர்வீஸ் டிசைனர். தமிழில் இவரைச் சேவை வடிவமைப்பாளர் என்று எழுதுகிறோம். நாகர்கோவிலில் இதையே சொந்தத் தொழிலாக நடத்திவரும் எனக்கு, இந்தத் தொடரின் இரண்டு சொற்களையும் பிறருக்கு விளக்க வேண்டிய தேவை அடிக்கடி நேர்கிறது.

முதல் சொல்லில் உள்ள சிக்கலை எனக்குக் காட்டியவர், மார்த்தாண்டம் பக்கத்தில் கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்குக் கொடுக்கும் ஒரு பெரியவர். என் முகவரி அட்டையை வாங்கி நிதானமாகப் படித்தவர், "சேவைன்னு போட்டிருக்கே மக்களே, பெறவு ரூவா எதுக்கு?" என்று கேட்டார். அவர் அறிந்த சேவை, கோயில் திருவிழாவிலும் வெள்ளம் வந்த நாளிலும் ஊர் கூடிக் கைம்மாறு கருதாமல் செய்வது. அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் ஒழுங்கான விடை இல்லை. விடை தேடியபோதுதான் சொல்லின் வரலாற்றுக்குள் போனேன்.

சேவை என்பது வடமொழியின் சேவா என்ற சொல்லிலிருந்து வந்தது. அருகிருந்து பணிவிடை செய்தல் என்பது அதன் பழம்பொருள். வைணவ வழக்கில் சேவித்தல் என்றால் வணங்குதல். பெருமாள் சேவை என்றால் தரிசனம். மலையாளத்தில் இதுவே சேவனம் என்று வழங்குகிறது. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்த இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில், மலையாளப் பள்ளியில் படித்த முதியவர்களுக்கு அச்சொல் அந்நியமன்று. இவற்றுள் எந்தப் பொருளிலும் கட்டணம் என்ற எண்ணம் இல்லை. பெரியவரின் கேள்வி மொழியறிவிலிருந்தே பிறந்தது.

சர்வீஸ் என்ற சொல்லின் வேரோ இன்னும் கசப்பானது. இலத்தீனில் செர்வுஸ் என்றால் அடிமை. அதிலிருந்து பிறந்த செர்விட்டியும் என்ற சொல் அடிமைநிலையைக் குறித்தது. இதற்கு நேரான ஒரு சொல் இந்த மண்ணிலேயே உண்டு. ஊழியம் என்ற பெயரில், திருவிதாங்கூர் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் கூலியின்றிக் கட்டாய உழைப்பு வாங்கப்பட்டது. சாமித்தோப்பில் வாழ்ந்த அய்யா வைகுண்டர் (1809–1851) எதிர்த்த கொடுமைகளுள் அதுவும் ஒன்று. இன்று அதே சொல் தேவாலயங்களில் இறைப்பணியைக் குறிக்கிறது. அரசு ஊழியர் என்ற தொடரில் மாதச் சம்பளம் பெறுபவரைக் குறிக்கிறது. சொற்கள் இப்படி மீள்வதைக் காண மகிழ்ச்சிதான். ஆயினும், கூலியில்லா உழைப்பின் நினைவைச் சுமந்த ஊழியத்தை என் தொழிற்பெயரில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

பணி என்ற சொல்லில் ஊதியம் இயல்பாகவே பொருந்துகிறது. பணி நியமனம், பணி ஓய்வு என்று நாள்தோறும் சொல்கிறோம். ஆனால் பணி வடிவமைப்பு என்று எழுதினால், ஊழியர் ஒருவரின் வேலைப்பொறுப்பை வரையறுப்பதாகவே படிப்பவர் கொள்வார். தொண்டு என்பது சேவையைவிடவும் கட்டணத்துக்கு எட்டத்தில் நிற்கிறது. ஆகவே சேவையே மிஞ்சுகிறது. அதற்குக் கட்டணப் பொருளைச் சட்டமே ஏற்றிவிட்டது: 1994 ஜூலை 1 முதல் தொலைபேசி, பொதுக் காப்பீடு, பங்குத் தரகு ஆகிய மூன்றின் மீதும் 5 விழுக்காடு சேவை வரி விதிக்கப்பட்டது, 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. அடுத்தமுறை பெரியவரைப் பார்த்தபோது, இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு நாம் கட்டணம் கட்டுவதை நினைவுபடுத்தினேன். அவர் ஏற்றுக்கொண்டு, என்னைக் கடைக்குள் அழைத்து உட்கார வைத்தார்.

அடுத்தது வடிவமைப்பு. டிசைன் என்ற சொல்லின் வேரான தெசிக்னாரே என்னும் இலத்தீன் வினைக்குக் குறியிட்டுக் காட்டுதல் என்று பொருள். நம் ஊரில் டிசைன் என்றவுடன் ஃபிளெக்ஸ் பலகையும் சேலைக் கரையும் வீட்டு முகப்பும்தான் மனத்தில் தோன்றுகின்றன. பாத்திரக் கடையில் நான் செய்ததில் அப்படிக் கண்ணால் பார்க்கத்தக்க வடிவம் எதுவும் இல்லை. திரும்பி வரும் உருளியிலும் சருவத்திலும் கரண்டியிலும் எண்ணிக்கை குறைவதும், கல்யாண வீட்டாரோடு வாக்குவாதம் நடப்பதும் அக்கடையின் தீராத் தொல்லையாக இருந்தன. மூன்று கல்யாணங்களுக்கு வண்டியில் கூடவே போய்ப் பார்த்தேன். பாத்திரங்களை இறக்கும்போது முதல்நாள் இரவு ஆகிவிடுகிறது. வீட்டார் விருந்தினரை வரவேற்கும் பரபரப்பில் இருப்பதால், எண்ணுவது கடைப் பையன் மட்டுமே. ஆகவே, வீட்டில் ஒருவர் பெயரை முன்பணம் வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது, அவரை அருகில் நிறுத்தி எண்ணுவது, ஒரே சீட்டில் இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்வது என்று வரிசையை மாற்றினோம். சண்டை பெரும்பாலும் நின்றது.

இந்த முறைக்கு எழுத்து வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர், அமெரிக்க வங்கித் துறையில் பணியாற்றிய லின் ஷோஸ்டாக். சேவையையும் கட்டடம் போல வரைபடமாக்க முடியும் என்று 1982இல் எழுதினார். 1984இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில், தெருமுனையில் காலணிக்கு மெருகு போடும் வேலையை எடுத்துக்காட்டாக வரைந்து காட்டினார். தூசி துடைப்பது, மெழுகு பூசுவது, தேய்ப்பது, பணம் வாங்குவது என ஒவ்வொரு படிக்கும் நேரம் குறித்து, காலணிக்குப் பொருந்தாத நிற மெழுகைப் பூசிவிடக்கூடிய இடத்தைத் தவறு நேரும் இடமாக அடையாளமிட்டு, வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவதையும் தெரியாததையும் ஒரு கோட்டால் பிரித்தார். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போகிறவருக்குச் சீட்டும் வரிசையும் உயிர்காப்பு அங்கியும் அந்தக் கோட்டுக்கு மேலே. கடல்நிலையைப் பார்த்துப் படகை விடுவதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பது கீழே. 1991இல் ஜெர்மனியின் கொலோன் நகர வடிவமைப்புப் பள்ளியில் இது தனித் துறையாக அறிமுகமானது.

வடிவம் இல்லாததற்கு வடிவமைப்பு எதற்கு, சேவை அமைப்பு என்று சுருக்கிவிடலாமே என்று நானும் எண்ணியதுண்டு. ஆனால் சேவை அமைப்பு என்றால் இலவச மருத்துவ முகாம் நடத்தும் சங்கத்தையே தமிழர் எவரும் நினைப்பர். எனவே பெயர்ச்சொல்லாகச் சேவை வடிவமைப்பு இருக்கட்டும். வினையாக வகுத்தல் என்பதைக் கையாள்வதே என் விருப்பம். பகுத்தல், ஒழுங்குபடுத்துதல், விதித்தல் ஆகிய மூன்று பொருளும் அதில் உண்டு. அரசின் திறனைச் சொல்லும் 385ஆம் குறள் இயற்றல், ஈட்டல், காத்தல் ஆகியவற்றோடு வகுத்தலையும் சேர்க்கிறது. வேலையைப் படிகளாகப் பகுத்து மறுபடியும் ஒழுங்காக அடுக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான வினையை நான் காணவில்லை.

இத்தொழிலைச் சொந்தமாக நடத்துபவரைக் குறிக்க இன்னொரு சொல்லும் வேண்டும். பிரெஞ்சு மொழியில் ஆந்த்ரப்ரனேர் என்பவர் ஒன்றை மேற்கொள்பவர். 1755இல் அச்சான ரிச்சர்டு கான்டிலனின் நூல், தெரிந்த விலைக்கு வாங்கித் தெரியாத விலைக்கு விற்பவராக அவரைக் காட்டுகிறது. தோவாளைச் சந்தையில் விடியுமுன் பிச்சிப்பூவை வாங்கி வெளியூருக்கு ஏற்றிவிடும் வியாபாரிக்கு இந்த விளக்கம் அப்படியே பொருந்தும். முதலாளி என்ற சொல் முதல் உடையவரைக் குறிக்கிறது. தொழிலதிபர் என்பதில் அதிகாரத் தொனி மிகுதி. தொழில்முனைவோர் என்பதோ முயற்சியைச் சுட்டுகிறது: முனைதல் என்றால் ஊக்கத்தோடு முற்படுதல், முனை என்றால் போர்க்களத்தின் முன்னணி. குளச்சல் கடற்கரையில் தொழிலுக்குப் போவது என்றாலே கடலுக்குப் போவதுதான். தொழில், முனை என்ற இரண்டும் சேரும்போது அந்தத் துணிவும் சொல்லில் வந்துவிடுகிறது.

எனக்கும் செலவு முன்னரே தெரியும், வரவு தெரியாது. மூன்று கல்யாணங்களுக்கு வண்டியில் போன நாள்களுக்கு விலை சொல்லக் கற்றுக்கொள்ளவே எனக்கு நெடுங்காலம் ஆயிற்று. இப்போது, போய்ப் பார்க்கும் நாளுக்கு ஒரு கட்டணம், வகுத்துத் தருவதற்கு ஒரு கட்டணம் என்று தனித்தனியே எழுதித் தருகிறேன். பதிவு செய்வது கடினமன்று: சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை, சேவை மட்டும் தருபவருக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகக் கட்டாயமும் இல்லை.

எழுதும்போது தொழில்முனைவோர் என்பதை ஒரே சொல்லாகச் சேர்த்தெழுதுவது நன்று. அது பலர்பால் வடிவம் என்பதால், ஒருவரை மட்டும் குறிக்கத் தொழில்முனைவர் என்க. புதிதாக அச்சிட்ட என் அட்டையில் பெயருக்குக் கீழே சேவை வடிவமைப்பாளர் என்றும், அதற்கடுத்த வரியில் "உங்கள் கடையின் வேலைமுறையை வகுத்துத் தருகிறோம், கட்டணம் உண்டு" என்றும் போட்டிருக்கிறேன்.