கைனேஸ்: இயக்கியா, ஏற்றியா?

'கைனேஸ்' என்ற நொதி வகையைத் தமிழில் 'இயக்கி' என்பதா, 'ஏற்றி' என்பதா? முதலில் 'நொதி' என்ற சொல்லைப் பார்ப்போம். ஆடி மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்து மாரியம்மன் கோயில்களுக்காகக் கூழ் கரைக்கும் வீடுகளில், மீலி மாவு (மக்காச்சோள மாவு) புளிக்கும் பானையை மறுநாள் காலை திறந்து பாருங்கள். மேலே பொடிப்பொடியாகக் குமிழி கட்டியிருக்கும். அதுதான் நொதித்தல். உயிர்களில் வேதிவினையை முடுக்கும் பொருளுக்கு 'நொதி' என்ற பெயர் பிறந்தது அங்கிருந்துதான். 1870களில் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் கூனே 'என்சைம்' என்று பெயரிட்டபோதும் 'புளிமாவுக்குள் இருப்பது' என்ற கிரேக்கப் பொருளையே எடுத்தார். இரு மொழியும் ஒரே பானையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் இது 'நொதியம்'.

கைனேஸ் அவ்வளவு நேரான சொல் அல்ல. கிரேக்கத்தில் 'கினெயின்' என்றால் அசைத்தல், இயக்குதல். 1899-இல் ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவின் ஆய்வகத்தில் குடல்நீரில் கண்ட 'என்டெரோகைனேஸ்' ட்ரிப்சின் என்னும் செரிமான நொதியை முடுக்கிவிட்டது. அதனால் அந்தப் பெயர். உண்மையில் என்டெரோகைனேஸ் புரதத்தை வெட்டும் நொதி. இன்றைய கைனேஸ்கள் கையாளும் பாஸ்பேட் என்ற சிறு அணுத்தொகுதிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பிறகு 1927-இல் ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் மேயர்ஹோஃப் 'ஹெக்சோகைனேஸ்' என்று பெயரிட, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி.யின் கடைசிப் பாஸ்பேட்டைக் கழற்றி இன்னொரு மூலக்கூறில் பொருத்தும் நொதிகளுக்கே பெயர் நிலைத்துவிட்டது.

ஆகவே வேரை மட்டும் பார்த்து 'இயக்கு நொதி' என்று பெயர்த்தால் பொருள் தவறிவிடும். வளர்ச்சிக் காரணி ஏற்பியை, அதாவது வளரச் சொல்லும் செய்தியைச் செல்லின் மேற்பரப்பில் பிடிக்கும் புரதத்தை, எடுத்துக்கொள்வோம். இ.ஜி.எஃப். என்னும் காரணி செல்லுக்கு வெளியே வந்து ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் இணைசேரும். உள்பக்கம் ஒன்றின் கைனேஸ் பகுதி மற்றதன் பகுதியை முடுக்க, வால்களில் உள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலங்களில் பாஸ்பேட் ஏறும். புரதச் சங்கிலியில் 1068-ஆம் இடத்து டைரோசினில் ஏறினால் 'கிரப்-2' என்ற புரதம் வந்து ஒட்டி, 'வளர்' என்ற செய்தியை உள்ளே கடத்தும். 1045-ஆவதில் ஏறினாலோ 'சி.பி.எல்.' என்ற புரதம் ஒட்டி, ஏற்பியைச் சிதைக்க அனுப்பும். அதே ஏற்பியின் 654-ஆம் இடத்தில் உள்ள திரியோனின் என்னும் அமினோ அமிலத்தில் புரதக் கைனேஸ்-சி என்ற இன்னொரு கைனேஸ் பாஸ்பேட் ஏற்றினால் ஏற்பி மட்டுப்படும். ஏற்றுவது ஒரே வகை வேலை. விளைவோ இடத்துக்கு இடம் வேறு.

பாஸ்பேட்டை எடுத்துவிடும் நொதி பாஸ்படேஸ். அதை 'அணைப்பு நொதி', அதாவது வேலையை நிறுத்தும் நொதி, என்பதும் இதே பிழை. பி.டி.பி.-1பி என்னும் பாஸ்படேஸ் இன்சுலின் ஏற்பியின் பாஸ்பேட்டை எடுத்து அதை ஓயச் செய்கிறது, சரி. ஆனால் 'சார்க்' கைனேஸின் வாலில் உள்ள பாஸ்பேட்டை ஒரு பாஸ்படேஸ் எடுத்துவிட்டால் சார்க் விழித்துக்கொள்ளும். எஸ்.எச்.பி.-2 என்பதும் பாஸ்படேஸ்தான். அது வளர்ச்சிச் செய்தியை வலுப்படுத்துகிறது.

எனவே செயலைச் சொல்லும் பெயர்களே வேண்டும்: பாஸ்பேட் ஏற்று நொதி, பாஸ்பேட் நீக்கு நொதி. சொல் நீளம்தான். தொடர்ந்து பேசும்போது ஏற்று நொதி, நீக்கு நொதி என்றால் போதும்.

இந்தப் பெயர் ஆய்வக மேசையில் உதவும். செல்லை உடைத்ததும் நீக்கு நொதிகள் கட்டவிழ்ந்து, டைரோசினில் ஏறியிருந்த பாஸ்பேட்டைச் சில நிமிடங்களில் உருவிவிடும். புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் 'பிளாட்' சோதனையில் பட்டை மங்கும், சில சமயம் தெரியவே தெரியாது. நீக்கு நொதிகளைத் தடுக்கச் சோடியம் ஆர்த்தோவனடேட் என்ற வனேடிய உப்பை 1 மில்லிமோலார் செறிவில் சேர்ப்பார்கள். அதை அப்படியே கரைத்து ஊற்றினால் பயன் குறைவு. 200 மில்லிமோலார் கரைசலைப் பி.எச். 10-க்குக் கொண்டுவரும்போது மஞ்சளாகும். வனடேட் அயனிகள் கூட்டாகச் சேர்ந்துகொண்ட நிறம் அது. நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறியதும் மீண்டும் பி.எச். 10-க்குச் சரிசெய்ய வேண்டும். மறுபடி மஞ்சள் தெரிந்தால் மறுபடி கொதிக்கவைக்க வேண்டும். ஆய்வகக் கரைசல்களில் சேர்க்கும் வேதிப்பொருள்களில் இ.டி.டி.ஏ. வனடேட்டைப் பற்றிக்கொள்ளும், டி.டி.டி. அதற்கு எலக்ட்ரான் கொடுத்து ஒடுக்கிவிடும், இவை இரண்டும் உள்ள கரைசலில் நீக்கு நொதி மீண்டும் வேலையைத் தொடங்கும்.