பூனை மூளையில் தெரிந்த வெள்ளைத் திட்டு

பக்கவாதம் வந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடினால் டாக்டர் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" பல வீடுகளில் பதில் இருக்காது. தூங்கி எழும்போதே கை விழுந்திருக்கும்.

ஆய்வக எலியிடம் அந்தக் குழப்பம் இல்லை. கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய நைலான் இழையைச் செலுத்தி மூளைத் தமனியை அடைப்பதே ஆராய்ச்சியாளர்தான். அடைத்த நிமிடம் நோட்டில் இருக்கும்; இழையை உருவி ரத்தத்தைத் திரும்ப ஓடவிட்ட நிமிடமும் இருக்கும்.

அப்புறம் எலி எம்.ஆர்.ஐ.க்குள் போகிறது. ஐசோஃபுளூரேன் மயக்கம், தலை அசையாமலிருக்கப் பல்லில் ஒரு கம்பி, மூச்சை எண்ண வயிற்றடியில் சின்னத் திண்டு, கதகதப்புக்கு வெந்நீர்க் குழாய். இந்த வெந்நீர் சொகுசுக்காக அல்ல. மயக்கத்தில் எலியின் உடல் சூடு மளமளவென்று இறங்கும். மூளை குளிர்ந்தால் பாதிப்பும் குறைந்து சோதனையே பொய்யாகிவிடும். எலி மூளை சுமார் 2 கிராம்தான். அதனால் ஆஸ்பத்திரியின் 1.5, 3 டெஸ்லா (காந்த பலத்தின் அலகு) காந்தங்களுக்குப் பதில் இங்கே 7, 9.4 டெஸ்லா.

சரி, படம் எதைக் காட்டுகிறது? நீரின் நடமாட்டத்தை. பரவல் படம் என்று இதற்குப் பெயர். காந்தப்புலத்தை ஒரு பக்கமாகச் சரித்து ஒரு துடிப்பு கொடுத்தால், ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கும் இடத்துக்கேற்பத் தாளம் தப்பும். சில மில்லி விநாடிகளில் அதை அழிக்கும் இன்னொரு துடிப்பு. அதற்குள் அதிகம் நகராத நீருக்குத் தாளம் திரும்பச் சேரும், சிக்னல் பலமாக வரும். நகர்ந்துவிட்ட நீருக்குக் கணக்கு நேராகாது, சிக்னல் மங்கும்.

ரத்தம் நின்ற செல்லில் சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் ஓடாது. சோடியம் உள்ளே தேங்க, நீரும் பின்னாலேயே நுழைந்து செல் உப்பிவிடும். செல்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி சுருங்கும், நீர் நகர வழியில்லை. படத்தில் அந்த இடம் வெள்ளையாகிறது.

சான் பிரான்சிஸ்கோவில் மைக்கேல் மோஸ்லியின் குழு 1990இல் இதைப் பூனைகளிடம் காட்டியது. அடைப்பு விழுந்து ஒரு மணி நேரத்துக்குள் வெள்ளைத் திட்டு வந்துவிட்டது. டி2 எனப்படும் வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்திலோ அது தெரியச் சில மணி நேரம் ஆனது.

எலியைக் காப்பாற்றிய மருந்துகள் பல மனிதரிடம் தோற்றது தனிக் கதை. ஆனால் இந்தப் படம் தோற்கவில்லை. பரவல் படத்தில் திட்டு வெள்ளையாகத் தெரிந்து, டி2 வகையைச் சேர்ந்த ஃபிளேர் படத்தில் தெரியாவிட்டால், பக்கவாதம் வந்து பெரும்பாலும் 4.5 மணி நேரம் தாண்டியிருக்காது; ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு வழக்கமான கெடு அதுதான். 2018இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், எப்போது ஆரம்பித்தது என்றே தெரியாத நோயாளிகளுக்கு இதை வைத்துத்தான் அந்த மருந்தைக் கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்களில், பெறாதவர்களைவிட அதிகம் பேர் நன்றாகத் தேறினார்கள்.